மகனுக்கு என்ன குறை?



இம்மாத விடயம் சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். பெண்ணுக்குக் கனவில் ஸ்கலிதமானால் குளிப்புக் கடமையா என்று உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நபியவர்களும் மறைக்காமல் பதில் சொன்னார்கள். ஆகவே தயங்காமல் வாசியுங்கள்.

நிக்காஹ் முடிந்து இரண்டு வருடம் போய்விட்டால் மட்டக்குளியிலும் மற்ற ஊர்களிலும் நடப்பது ஒன்றுதான். மருமகளை டொக்டரிடம் கூட்டிப் போவார்கள். பிறகு தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். அதன் பிறகு மகனுக்கு இன்னொரு கலியாணப் பேச்சு வரும். "என் மகனுக்கு என்ன குறை? குரலும் தாடியும் நல்லாத்தானே இருக்கு" என்பார் மாமி.

தாடியை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஆணின் விதையில் இரண்டு வேலைகள் இரண்டு இடங்களில் நடக்கின்றன. விந்தணு உருவாவது நூல்போன்ற நுண்குழாய்களுக்குள்ளே. அக்குழாய்களின் இடைவெளியில் வேறொரு வகைக் கலங்கள் கூட்டமாக இருக்கின்றன. 1850இல் ஜெர்மன் அறிஞர் ஃபிரான்ஸ் லைடிக் இவற்றை விவரித்ததால் லைடிக் கலங்கள் என்று பெயர். தாடிக்கும் குரலுக்கும் இச்சைக்கும் காரணமான டெஸ்டோஸ்டிரோன் ஓமோனை இவைதான் சுரக்கின்றன. அதற்கான கட்டளை மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியிலிருந்து வருகிறது.

1993இல் ஹம்பர்க் ஆய்வாளர்கள் மனித லைடிக் கலங்களில் இன்னொன்றையும் காட்டினார்கள். டோபமீன், நோரட்ரீனலின் போன்ற நரம்புச் செய்திப் பொருட்களை ஆக்கும் நொதியங்கள் அங்கே இருந்தன. ஓமோன் சுரக்கும் கலத்திலேயே நரம்புக் கலத்தின் தன்மையும் இருக்கிறது! ஸுப்ஹானல்லாஹ். இதுவும் குர்ஆனில் இருக்கிறது என்று யாராவது எழுதக்கூடும். அப்படி ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

குர்ஆன் தெளிவாகச் சொல்லும் ஒன்று உண்டு. ஸூரா அஷ்ஷூராவின் 49, 50ஆம் வசனங்களில், பிள்ளை கொடுப்பதும் கொடுக்காதிருப்பதும் தன் நாட்டம் என்கிறான் அல்லாஹ். பிள்ளையற்றவரைக் குறிக்க அங்கே வரும் சொல் 'அகீம்'. அரபியில் அது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். நம் மக்கள்தான் 'மலடி' என்பதை நாக்கு நுனியில் வைத்திருக்கிறார்கள்.

லைடிக் கலங்கள் குறைவின்றி இயங்கும் ஆணிடத்திலும் நுண்குழாய்களில் விந்தணு இல்லாமலிருக்கலாம். அல்லது அது வெளிவரும் பாதை அடைபட்டிருக்கலாம். பருவமடைந்த பின் வரும் கூகைக்கட்டு விதையைத் தாக்குவதுண்டு. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண்பக்கக் காரணமும் இருக்கிறது. அப்படியிருக்க, பெண்ணை மட்டும் சோதனைக்கு மேல் சோதனை செய்வது என்ன நியாயம்?

விந்துப் பரிசோதனை ஹராம் என்று சில கணவன்மார் சாக்குச் சொல்கிறார்கள். மருத்துவத் தேவைக்காக மனைவியின் துணையோடு எடுத்துக் கொடுப்பதில் தடையில்லை. அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாட்கள் சேராமல் இருக்க வேண்டும். முதல் முடிவு குறைவாக வந்தால் கலங்க வேண்டாம். விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் ஆகும்; இடையில் வந்த கடும் காய்ச்சலும் எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மாமியிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் மருமகள் அல்ல, மகன்.