பொறுக்கி வளர்க்கும் களை

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் புரட்டாசி மழையை நம்பிக் கரிசலில் விதைக்கிறவர்களுக்குப் பயிருக்கு முந்தித் தலைநீட்டுவது களைதான். முன்பெல்லாம் பெண்கள் களைக்கொத்துடன் வரிசையாக இறங்கினால் காடு சுத்தமாகிவிடும். இன்றோ, விடிந்ததும் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் வண்டி அவர்களை அழைத்துப் போய்விடுகிறது. ஆபத்தான தொழில்தான், ஆனாலும் ஆண்டு முழுவதும் கூலி கிடைக்கும் என்று போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆள் கிடைக்காத விவசாயி களைக்கொல்லியை நாடுவதிலும் குற்றமில்லை. ஒரே மருந்தை ஆண்டுதோறும் நம்புவதுதான் தவறு.

பஞ்சாப், ஹரியாணா விவசாயிகள் இந்தப் பாடத்தை நஷ்டப்பட்டுக் கற்றார்கள். கோதுமையைப் போலவே தோன்றும் 'குல்லி டண்டா' என்ற புல்லை ஒழிக்க, ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தெளித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்குப் புல் அசையவில்லை. பயிரை அறுத்துக் கால்நடைக்குப் போட்டவர்களும் உண்டு. பிறகு வந்த புது மருந்துகளையும் அந்தப் புல் நாளடைவில் தாங்கப் பழகிவிட்டது.

இதில் மாயமில்லை. லட்சக்கணக்கான களைகளில் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் செடிகள் ஓரிரண்டு இருக்கும். மற்றவை மடிய, இவை மட்டும் விதை உதிர்க்கும். நாம் முறத்தில் புடைத்துத் தேறிய விதையைப் பொறுக்குவதுபோல, மருந்தே வலுத்த களையைப் பொறுக்கித் தருகிறது!

ஆகவே மருந்துக்குத் துணை வேண்டும். கோடை உழவை விடக் கூடாது. பருத்தி விதைத்த 3 நாளுக்குள், ஈரம் இருக்கையில், பெண்டிமெத்தலின் தெளித்தாலும், 40-ம் நாளையொட்டி ஒரு கைக்களை அவசியம். தப்பிய செடியைப் பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டும். பருத்தியை அடுத்து உளுந்து, மக்காச்சோளம் என்று பயிரை மாற்றினால் மருந்தையும் மாற்றலாம். டப்பாவின் பெயர் மாறினால் போதாது. உள்ளே இருக்கும் மருந்தின் இனம் மாற வேண்டும். அளவைக் குறைத்துத் தெளிப்பது சிக்கனமல்ல. அரைகுறையாகத் தப்பும் களையை வளர்ப்பதாகும்.

சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. சிறு விவசாயிக்குக் களையெடுக்கும் இயந்திரம் குறைந்த வாடகைக்கு, பருவம் தவறாமல் கிடைக்க வேண்டும். மருந்தின் இனத்தைக் கடைக்காரர் எடுத்துச் சொல்ல ஏற்பாடு வேண்டும்.

ஆலைக்குப் போன கைகள் எளிதில் காட்டுக்குத் திரும்பப் போவதில்லை. மருந்தும் கைவிட்டால் கரிசல் விவசாயி யாரை அழைப்பார்? அந்த நாள் வருமுன் களைக்கொத்தைத் தேடி எடுப்பது நல்லது.