சாப்பாட்டுக் கடையும் சாமானியரின் பசியும்

வெளியில் உண்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம் மத்தியில் வேரூன்றியிருக்கிறது. தலைநகர் கொழும்பைப் பொறுத்தவரையில் அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், மாத்தளை போன்றதொரு மாவட்டத் தலைநகரில் நிலைமை வேறு. இரத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கி வைத்தியசாலையில் இலக்கம் பெற்றுக் காத்திருப்பவர், கச்சேரியில் ஒரு கையொப்பத்துக்காக முழு நாளையும் செலவிடுபவர், சந்தையில் மூட்டை சுமப்பவர், கடைச் சிப்பந்தி, தனியார் வகுப்புக்கு வந்த மாணவன் ஆகியோருக்கு மத்தியான உணவு என்பது வீதியோரச் சாப்பாட்டுக் கடையில் கிடைக்கும் ஒரு தட்டுச் சோறுதான். அது கட்டுப்படியாகாத நாளில் ஒரு பணிஸும் ஒரு பிளேன்ரீயுமாக அவர்களது உணவு சுருங்கிவிடுகிறது. ஆகவே, மாத்தளையின் சிறு சாப்பாட்டுக் கடைகள் எதிர்நோக்கும் நெருக்கடியை ஒரு சில வியாபாரிகளின் இலாப நட்டப் பிரச்சினையாக மாத்திரம் நோக்க முடியாது. அது சாமானிய மக்களின் வயிற்றுப் பிரச்சினையாகும்.

மாத்தளைக்கும் பசிக்கும் உள்ள தொடர்பு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை ஊடாக மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் எண்ணற்றோர். பிழைத்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசலாக அமைந்தது இந்நகரமே. 1880இல் ரயில் பாதை கண்டியிலிருந்து மாத்தளை வரை நீண்டது. கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் மிளகும் ஏலமும் வந்தன. சந்தை வளர்ந்தது. சந்தையோடு சேர்ந்து தமிழரின் சைவக் கடைகளும் முஸ்லிம்களின் ஹோட்டல்களும் சிங்களவரின் சோற்றுக் கடைகளும் வளர்ந்தன. மாசி மாதத்தில் அருள்மிகு முத்துமாரியம்மனின் பஞ்சரத பவனி நடைபெறும் நாளில் இக்கடைகளில் எவர் எந்த இனத்தவர் என்று பார்த்து எவரும் பந்தியில் அமர்வதில்லை.

இந்த மரபு இடையறாது தொடர்ந்தது என்று சொல்வதற்கில்லை. 1983 ஜூலை வன்செயல்களின்போது மாத்தளை நகரிலும் தமிழரின் வர்த்தக நிலையங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. அம்மன் ஆலயமும் தேர்களும் சேதமாக்கப்பட்டன. பலர் ஊரை விட்டே சென்றனர். எஞ்சியவர்கள் மீண்டும் அடுப்பை மூட்டினர். இவ்வாறு சாம்பலிலிருந்து எழுந்த தொழில் என்பதாலேயே, அது இப்போது ஆரவாரமின்றி நலிவடைவதைப் பார்த்துக் கொண்டிருக்க முடியாதென்கிறோம்.

அண்மைக்கால நெருக்கடியின் தொடக்கம் 2019 ஏப்ரல் தாக்குதல்களும் அதன் பின்னர் வந்த கொரோனா ஊரடங்குமாகும். எனினும், பெரும் அடியாக விழுந்தது 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியே. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோகிராம் லிட்ரோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாயாயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை என்பதே பெரும் துயரம். நீண்ட வரிசைகளில் வெற்றுச் சிலிண்டர்கள் நாட்கணக்கில் கிடந்தன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. விறகடுப்புக்குத் திரும்பிய கடைகள் ஒருவாறு தப்பின. இடவசதி இல்லாத நகர்ப்புறக் கடைகள் பூட்டுப் போட்டன.

பின்னர் எரிவாயு விலை இறங்கியது. 2023 ஜூலையில் அது 3,000 ரூபாய்க்கும் கீழ் வந்தது. ஆயினும், சாப்பாட்டின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 'விலை ஏறும்போது மறுநாளே ஏற்றுகிறார்கள். இறங்கும்போது மறந்துவிடுகிறார்கள்' என்னும் பொதுமக்களின் குற்றச்சாட்டு நியாயமானதே. இதில் கடைக்காரரின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு தட்டுச் சோற்றின் விலையில் எரிவாயு ஒரு பகுதி மாத்திரமே. அரிசி, தேங்காய், பருப்பு, எண்ணெய், மின்சாரம், கடை வாடகை, கூலி என்பன எஞ்சிய பகுதியாகும். 2024 இறுதியில் நாட்டரிசிக்கு கிலோகிராம் 230 ரூபாயென அரசாங்கம் உச்ச விலையை நிர்ணயித்தபோது அந்த விலைக்கு அரிசியைத் தேடி அலைய நேர்ந்தது. அதே காலப்பகுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாயை எட்டியது. தேங்காய் இல்லாமல் நமது சமையலில் சம்பலும் இல்லை, சொதியும் இல்லை, பாற்கறியும் இல்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்த்தப்பட்டு, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் வரிக்குள் கொண்டுவரப்பட்டது. சிறு கடைக்காரர் அந்த வரிக்குப் பதிவு செய்தவர் அல்லர். எனினும், வாங்கும் பொருட்களின் ஊடாக அவரும் அதனைச் செலுத்துகிறார். செலுத்தியதை மீளப் பெறும் வழி அவருக்கு இல்லை.

இந்நிலையில் கடைக்காரர் முன் இரு வழிகளே உள்ளன. ஒன்று விலையைக் கூட்டுவது. மற்றையது அளவைக் குறைப்பது. விலை கூடினால் கண்ணுக்குத் தெரியும், கேள்வி எழும். பருப்பில் தண்ணீர் கூடுவதும், மீன் துண்டு சிறுப்பதும், அதே எண்ணெயில் பல தடவை பொரிப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. விலையேற்றத்தைவிட ஆபத்தானது இந்த இரண்டாவது வழியே என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

வாடிக்கையாளரின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சாப்பாடு 300 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், கணவன், மனைவி, பிள்ளை மூவரும் நகருக்கு வந்த நாளில் ஒரு வேளை உண்டெழ 900 ரூபாய் வேண்டும். அது நாட்சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்காகும். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்ட 1,750 ரூபாயை முழுமையாகப் பெற்றாலும் பாதிக்கு மேல் அந்த ஒரு வேளை உணவுக்கே போய்விடும். இத்தகைய குடும்பம் கடைக்குள் நுழையாமலேயே வீடு திரும்புவதில் வியப்பில்லை. உண்ண முடியாத வாடிக்கையாளரும் விற்க முடியாத கடைக்காரரும் ஒரே நெருக்கடியின் இரு முகங்கள்.

மறுபுறத்தில், இதே மாவட்டத்தின் ஊடாக டொலர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சிகிரியாவும், 1991இல் இடம்பெற்ற தம்புள்ளை பொற்கோயிலும் மாத்தளை மாவட்டத்திலேயே உள்ளன. 2018இல் 23 இலட்சத்தைக் கடந்திருந்த வெளிநாட்டு உல்லாசப் பயணிகளின் வருகை, வீழ்ச்சிகளுக்குப் பின் 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. சிகிரியாக் குன்றில் ஏறுவதற்கு மாத்திரம் ஒரு வெளிநாட்டவர் 35 டொலர் செலுத்துகிறார். அந்தப் பயணிகளில் கண்டியிலிருந்து ஏ-9 வீதியால் வருவோர் மாத்தளை நகரைக் கடந்தே செல்கின்றனர். ஆனால், கடந்து செல்கின்றனரே தவிர இறங்குவதில்லை. வாசனைத் திரவியத் தோட்டமொன்றிலோ பெரிய பஃபே மண்டபமொன்றிலோ வாகனம் நிறுத்தப்படுகிறது. எங்கே நிறுத்துவது என்பதைப் பயணியின் பசியைவிடச் சாரதிக்கும் வழிகாட்டிக்கும் கிடைக்கும் தரகுப் பணமே பல வேளைகளில் தீர்மானிக்கிறது என்பது ஊரறிந்த இரகசியம். தரகு கொடுக்க வசதியில்லாத சிறு கடை, எவ்வளவு சுவையாகச் சமைத்தாலும் அந்தப் பயணியின் கண்ணில் படுவதேயில்லை.

வெளிநாட்டவருக்கு ஒரு விலை, உள்ளூரவருக்கு ஒரு விலை என்னும் தீய வழக்கமும் இதனோடு சேர்ந்து வருகிறது. 2024 ஏப்ரலில் கொழும்பில் ஒரு கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபாய் கேட்டு வெளிநாட்டவர் ஒருவரை மிரட்டிய காணொளி உலகெங்கும் பரவி, நாட்டுக்கே தலைக்குனிவை ஏற்படுத்தியது. ஒரு கடையின் பேராசை நேர்மையான நூறு கடைகளின் வருமானத்தைக் கெடுத்துவிடும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

உள்ளூர்ச் சமையலே பயணியை ஈர்க்கும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 2015இல் காலமான ஏனா டி சில்வா அம்மையார், அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக், தையல் வேலைகளோடு ஒரு சமையற்கூடத்தையும் நடத்தி, ஊர்க் கறிகளை நாடி வெளியூரார் வரும்படி செய்தார். விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' நிலையங்களிலும் பெண்களே உள்ளூர்த் தானியங்களில் பலகாரம் செய்து விற்று வருமானம் பெறுகின்றனர். மிளகும் கறுவாவும் ஏலமும் விளையும் மண்ணில், அவை மணக்கும் சமையலை விற்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லாதிருப்பது விசித்திரமே.

சுகாதாரத்தைப் பற்றிக் கூறாமல் இந்த விடயத்தை முடிக்க இயலாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நடைமுறையிலுள்ளது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடமையில் உள்ளனர். உணவு சுற்றும் பொலித்தீன் தாள்கள் 2017 செப்டெம்பர் முதல் தடை செய்யப்பட்டுள்ளன. எனினும், அந்தத் தடை எந்த அளவுக்குப் பேணப்படுகிறது என்பதைச் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பவர் அறிவார். சிறிய கடை என்பது அசுத்தத்துக்கு அனுமதிப்பத்திரம் ஆகாது. மூடப்படாத கறிச்சட்டியும் கழுவப்படாத கையும் ஏழையின் வயிற்றையே முதலில் தாக்குகின்றன. ஆனால், பண்டிகைக் காலத்தில் திடீர்ச் சோதனை நடத்தி வழக்குத் தொடர்வதோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதுவதும் தவறு. வடிகாலும் சுத்தமான நீரும் கழிவகற்றலும் ஒழுங்காக இருந்தால்தான் கடைக்காரரிடம் சுத்தத்தை உரிமையோடு கேட்க முடியும்.

இவை யாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது நம்பிக்கை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக வதந்தி பரப்பப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை எனப்பட்டது வெறும் மாக்கட்டியே என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையிட்டார். அறிக்கை வருவதற்கு முன்னரே கண்டி மாவட்டத்தில் திகன பற்றியெரிந்துவிட்டது. அயல் மாவட்டமான மாத்தளை இதனை மறந்துவிடலாகாது. மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். எஞ்சியோரில் மிகப் பெரும்பாலானோர் தமிழரும் முஸ்லிம்களும். இவர்கள் மூவரும் அன்றாடம் ஒரே மேசையில் அமரும் இடம் பாடசாலையும் அல்ல, வழிபாட்டிடமும் அல்ல, சாப்பாட்டுக் கடையே. பிறர் சமைத்ததை ஐயமின்றி உண்பதைவிட இன நல்லுறவுக்கு எளிய சான்று வேறில்லை. அந்த மேசை காலியாவது வியாபார நட்டத்தோடு முடிந்துவிடும் விடயமல்ல.

2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயல் மலைநாட்டை உலுக்கியபோது மாத்தளை மாவட்டமும் மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் பெரும் பாதிப்புக்குள்ளானது. பாதை தடைப்பட்டால் மரக்கறியும் வராது, வாடிக்கையாளரும் வரார். அனர்த்த நிவாரணம் பற்றிப் பேசும்போது வீடுகளும் வயல்களும் நினைவுக்கு வருகின்றன. நாட்கணக்கில் அடுப்பெரியாத சிறு கடை எவரது பட்டியலிலும் எளிதில் இடம்பெறுவதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு உணவகத்திலும் விலைப் பட்டியல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் வாசலிலேயே காட்சிப்படுத்தப்படுவதைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை ஆண்டு முழுவதும் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டாவதாக, சுகாதாரத் தரப்படுத்தலின் முடிவு கோப்புகளில் உறங்காமல் கடையின் சுவரில் மக்கள் பார்க்கும்படி தொங்க வேண்டும். நல்ல தரம் பெற்ற கடைகளைச் சுற்றுலா அதிகாரிகள் பயணிகளுக்கு அறிமுகப்படுத்தலாம். தரகுப் பணத்தின் பிடியைத் தளர்த்த இதைவிடச் சிறந்த வழி இல்லை. மூன்றாவதாக, நகரில் பஸ்களும் வான்களும் நிறுத்தி இளைப்பாறவும், நடந்து சென்று உண்ணவும் ஓரிடம் ஒதுக்கப்பட வேண்டும். நான்காவதாக, சமையலறையைத் திருத்தவும் அனர்த்தத்துக்குப் பின் மீண்டெழவும் குறைந்த வட்டிக் கடன் சிறு கடைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. மாத்தளை மாநகர சபையிலும் தம்புள்ளை மாநகர சபையிலும் இன்று மக்களின் வாக்கைப் பெற்றவர்கள் அமர்ந்திருக்கின்றனர். கடை வாடகையும் வடிகாலும் வாகனத் தரிப்பிடமும் அவர்களது கரங்களிலேயே உள்ளன. கொழும்பின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. வணிகர்களும் இறங்கிய விலையின் பயனை உண்பவரோடு பகிர்ந்து கொள்ளும் நேர்மையைக் காட்ட வேண்டும். நகருக்கு வரும் ஒரு தோட்டத் தொழிலாளி தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு தயக்கமின்றி ஒரு சாப்பாட்டுக் கடையின் படியேறக் கூடியதாக இருக்கின்றதா என்பதே இவர்களது நிர்வாகத்தை அளக்கும் கோலாகும். சம்பந்தப்பட்டோர் இதனைக் கருத்திற் கொண்டு காலந்தாழ்த்தாது செயற்பட வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.