குறிஞ்சிக்குரிய பொழுது

எங்கள் ஐயப்பன்தாங்கலின் பெயரிலேயே தாங்கல் இருக்கிறது; ஏரியைக் குறிக்கும் சொல். மலைக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. அண்ணாந்து பார்த்தால் மெட்ரோ ரயில் பாலம். அதைவிட்டால் சற்றுத் தள்ளி, 300 அடிப் பரங்கிமலை. இங்கிருந்துகொண்டுதான் தமிழாசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் குறிஞ்சித்திணை நடத்துகிறோம். பெரும்பொழுது கூதிர், முன்பனி. சிறுபொழுது யாமம் என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். நாங்களும் மதிப்பெண் இடுவோம்.

2018 மார்ச் 11க்குப் பிறகு அவ்வளவு எளிதாக அதைக் கடந்துபோக முடியவில்லை. அன்று பிற்பகல், தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் சென்ற இளைஞர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்க் கணக்கில் அது மாசியின் கடைசி, பின்பனிக் காலம். மலைப்புல் காய்ந்து சருகாகும் நாட்கள். தொல்காப்பியர் பின்பனியைக் குறிஞ்சிக்குத் தரவில்லை. வேனிலோடு சேர்த்துப் பாலைக்குத் தந்தார். பாலையின் சிறுபொழுது நண்பகல்.

இலக்கணம் தீத்தடுப்புக் கையேடு என்று சொல்ல வரவில்லை. ('அன்றே சொன்னான் தமிழன்' வகையறாக்களிடம் எங்களுக்கு ஒவ்வாமை உண்டு.) ஆனால் நிலத்துக்குப் பருவம் வகுத்தவர்கள் அந்நிலத்தில் நடந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து மலைகளில் குளிர்காலமே ஆபத்து. உறைபனியில் ஏறுவோர் பனிக்கோடரியோடு போகிறார்கள். நம் மலைகளிலோ ஈரம் வற்றும் மாதங்கள் கொடியவை. கூதிரும் எளிதன்று: அட்டை, வழுக்குப்பாறை, திடீரெனப் பெருகும் காட்டாறு. இரவுக்குறிக்கு வரும் தலைவனிடம் வழியின் இடரைச் சொல்லித் தோழி அஞ்சுவதை, அவனை மணத்துக்கு இணங்கவைக்கும் உத்தியாக மட்டுமே இதுநாள்வரை விளக்கிவந்தோம். வழி மெய்யாகவே அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

2024இல் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 தடங்களை அறிவித்தது. முன்பதிவு உண்டு, வழிகாட்டி உண்டு, தீப்பருவத்தில் அடைப்பும் உண்டு. மலையையே ஒட்டுமொத்தமாகப் பூட்டிவைப்பதைவிட இது நன்று என்பதே எங்கள் கருத்து. சில தடங்களின் கட்டணம் ஆயிரங்களில் இருக்கிறது. எங்கள் மாணவர்களுக்கு அது எட்டாது. கல்லூரிகள்தாம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தாவரவியல் துறைக்குக் களப்பயணம் இருக்கிறது, தமிழ்த்துறைக்கு இல்லை. மார்கழியில் ஒருநாள் மலையேற்றத்துக்கு அனுமதி கேட்டபோது, "தமிழுக்கு எதற்கு மலை?" என்று திருப்பிக் கேட்டார்கள். இந்தக் கட்டுரையையும் இணைத்து மறுபடி விண்ணப்பிக்க இருக்கிறோம்.