நமக்கு நாமே பூசிக்கொள்ளும் வெண்ணெய்

ஒருவரை மிகையாகப் புகழ்ந்து காரியம் சாதிப்பதை ஆங்கிலத்தில் 'பட்டர் அப்' என்பார்கள், வெண்ணெய் பூசுதல். இத்தொடர் நம் கோயில்களிலிருந்து போனது என்றொரு கதை இணையத்தில் நெடுங்காலமாக உலவுகிறது. பண்டைய இந்தியர் வரம் வேண்டித் தெய்வச் சிலைகள்மீது வெண்ணெய் உருண்டைகளை எறிந்தார்களாம். அதிலிருந்து இத்தொடர் பிறந்ததாம். தமிழ் படித்தவர்களே இதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். இது ஆதாரமற்றது மட்டுமல்ல, நம் மரபையே கொச்சைப்படுத்துவது என்பது என் தரப்பு.

வழக்கம் உண்மைதான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஊர்த்துவத் தாண்டவருக்கு எதிரே நிற்கும் காளிமீது வெண்ணெய் எறிவது வழக்கமாக இருந்தது. நம் கொங்குப் பகுதியில், நாமக்கல்லின் 18 அடி ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்பு சாத்துகிறார்கள். ஆனால் வழக்கம் இருப்பது வேறு, சொல் அங்கிருந்து பிறந்தது என்பது வேறு. இடையில் ஒரு பயணக் குறிப்போ கடிதமோ பாலமாக வேண்டும். கதை சொல்வோர் அப்படி எதையும் காட்டுவதில்லை. அன்றாடம் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்பவர்கள் இந்த உருவகத்துக்காக மதுரைவரை வரவேண்டுமா? ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் மிகைப்பேச்சைக் கொத்தனாரின் கரணையால் அப்புகிறார்கள். அங்கே முகத்துதி ஒரு பூச்சு.

நிற்க. தமிழிலும் சோப்புப் போடுகிறோம், ஜால்ரா அடிக்கிறோம். ஆனால் ஆழத்தில் ஓடுவது குளிர்ச்சி. உச்சி குளிரப் பேசுகிறோம், ஐஸ் வைக்கிறோம். சென்னையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842இல்தான். ஐஸ் என்ற சொல் புதிது, உருவகம் பழையது. காளிக்கு எறிந்த வெண்ணெயும் குளிர்விக்கவே. அவளது உக்கிரம் தணியவே. எறிந்தவர் அவளை ஏய்க்க நினைக்கவில்லை. அதை முகத்துதி என்பவர், காய்ச்சல்காரரின் நெற்றியில் ஈரத்துணி போடுவதை லஞ்சம் என்பாரா?

கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் ஏறியதற்குச் சான்று உண்டு. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இரண்டும் உள்ளன. மெய்யான பெருமை கையிலிருக்கப் பொய்ப் பெருமை எதற்கு? சொல்லாராய்ச்சியைக் கற்க வேண்டிய மாணவர்களுக்கு நாம் கைதட்டலைக் கற்பிக்கிறோம். ஆங்கிலேயனுக்கே உவமை கொடுத்தவர்கள் நாம் என்று கேட்டு மகிழ்கிறோமே, அந்தக் கதைதான் நம் உச்சியில் வைக்கப்பட்ட ஐஸ்.