நீதிபதியைத் தெரிவுசெய்யும் வழக்காளிகள்

டெக்சாஸ் 1845 இல் அமெரிக்காவுடன் இணைந்தபோது அம்மாநிலத்துக்கு ஒரேயொரு சமஷ்டி மாவட்ட நீதிமன்றமே இருந்தது. 1857 இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1879 இல் வட மாவட்டம் உருவானது. டலஸ் முதல் அமரில்லோ வரை ஏழு பிரிவுகளாக அது இயங்குகின்றது. தொலைதூர மக்களும் நீதிமன்றத்தை எளிதில் நாட வேண்டுமென்பதே இவ்வேற்பாட்டின் நோக்கமாகும்.

ஆனால், அமரில்லோவில் தாக்கலாகும் சிவில் வழக்குகள் ஒரே நீதிபதியிடம் சென்றமையால், வழக்காளிகள் தமக்கு உகந்த நீதிபதியைத் தெரிவுசெய்யும் நிலை தோன்றியது. 2023 ஏப்ரலில் அந்நீதிபதி, 2000 ஆம் ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட கருக்கலைப்பு மாத்திரையொன்றின் அங்கீகாரத்தை நாடு முழுவதற்கும் இடைநிறுத்தி உத்தரவிட்டார். எனினும், மனுதாரர்களுக்கு வழக்காடும் தகுதியே இல்லையென 2024 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

இத்தகைய வழக்குகளை மாவட்டத்தின் நீதிபதிகள் அனைவரிடையேயும் எழுமாறாகப் பகிர்ந்தளிக்குமாறு சமஷ்டி நீதித்துறைப் பேரவை 2024 மார்ச்சில் அறிவுறுத்தியது. வட மாவட்டமோ தனது நடைமுறையை மாற்ற அப்போது முன்வரவில்லை.

தீர்ப்பு எத்தரப்புக்குச் சாதகமானது என்பதல்ல இங்கு பிரச்சினை. நீதிபதியை வழக்காளியே தீர்மானிக்க முடியுமாயின், சரியான தீர்ப்பைக்கூட தோற்ற தரப்பு நீதியென ஏற்கப்போவதில்லை என்பதை மறந்துவிடலாகாது.