குசாட்சு: வெந்நீர் ஊரில் காணாமல்போன ஒரு தெரு

நீளமான மரப்பலகையால் வெந்நீரைப் புரட்டிக்கொண்டே பெண்கள் பாடும் ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். அந்த ஊர் குசாட்சு. ஜப்பானின் குன்மா மாகாணத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊற்று ஊர் நடுவிலேயே பொங்குகிறது. சூடு 50 டிகிரியைத் தொடும். பச்சைத் தண்ணீர் கலந்தால் மருந்துக் குணம் குறைந்துவிடுமாம். அதனால்தான் பலகையால் புரட்டியே ஆற்றுகிறார்கள். நாம் காபி ஆற்றுகிற அதே டெக்னிக்!

எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலம் நிறைந்த தண்ணீர் இது. சருமநோய்க்கு நல்லது என்று பேர். ஜெர்மன் டாக்டர் எர்வின் பெல்ஸ் இதைப் பாராட்டியதில் புகழ் இன்னும் பரவியது.

அந்தப் பேரை நம்பித்தான் தொழுநோயாளிகளும் மலையேறி வந்தார்கள். மற்ற விருந்தினர்கள் முகம் சுளிப்பார்களே! 1887-ல் அவர்களை ஊருக்குக் கீழே, யுனோசாவா என்ற பகுதிக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. விடுதி நடத்தினார்கள், கடை வைத்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். 1916-ல் அங்கே குடியேறிய மேரி கார்ன்வால் லீ என்ற இங்கிலாந்துப் பெண்மணி, மருத்துவமனையும் பள்ளியும் அமைத்துக் கொடுத்தார்.

1931-ல் சட்டம் மாறியது. தொழுநோயாளிகள் எல்லோரையும் அடைத்து வைக்கலாம் என்றது அரசு. மறுவருடமே குசாட்சுவில் அரசு காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. 1941-ல் யுனோசாவாவையே கலைத்துவிட்டார்கள்.

அந்தக் காப்பகத்துக்குள் 1938-ல் ஒரு தண்டனைச் சிறை கட்டினார்கள். எதிர்த்துப் பேசியவர்களை, நாட்டின் பிற காப்பகங்களிலிருந்துகூட இங்கே கொண்டுவந்தார்கள். கோர்ட் இல்லை, விசாரணை இல்லை. பனிக்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரை போகும் இடத்தில், குளிர்காய நெருப்புகூடக் கிடையாது. வெளிச்சமும் அப்படித்தான். 1947 வரை அடைக்கப்பட்டவர்கள் 93 பேர். அதில் 23 பேர் இறந்துபோனார்கள். சூடு மண்ணிலிருந்து இலவசமாகப் பொங்குகிற ஊரில்!

அதே காலத்தில்தான் நோயைக் குணப்படுத்தும் மருந்தும் ஜப்பானுக்கு வந்தது. ஆனாலும் அடைத்துவைக்கும் சட்டம் ரத்தாக 1996 ஆனது. 2001-ல் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று குமமோட்டோ நீதிமன்றம் சொன்னது. அரசு அப்பீல் போகவில்லை, மன்னிப்புக் கேட்டது. நோய் குணமான பலர் அப்போதும் காப்பகத்திலேயேதான் இருந்தார்கள். இத்தனை வருடம் கழித்து எந்த வீட்டுக்குத் திரும்புவது?

ஜப்பான் டூர் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்தச் சிறையின் ஒரு பகுதியை அசல் அளவிலேயே மறுபடி கட்டி, 2014-ல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.