நூறு பேர் சரி, எத்தனை தடவை?

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. பெரிய கப்பல் தூரத்துல நிக்கும். சோடியாக் என்கிற ரப்பர் படகுல பத்துப் பேர், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அண்டார்டிகா கரைக்குப் போவாங்க. அங்கே படகுத்துறை எதுவும் கிடையாது. படகு கரையைத் தொட்டதும் முழங்கால் வரைக்கும் இருக்கும் பூட்ஸோடு தண்ணீரிலேயே இறங்க வேண்டியதுதான்.

அதற்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாடுகள் ரீல்ஸில் வராது. பை, வெல்க்ரோவில் விதை ஏதாவது ஒட்டியிருக்கா என்று கப்பலிலேயே சுத்தம் செய்யணும். போகும்போதும் வரும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கணும். பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிக்கணும். பறவைக் காய்ச்சல் பயத்தால் தரையில் உட்காரவும் கூடாது. ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது.

இவ்வளவு இருக்கே, அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேக்குறீங்களா?

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு 'ஃபெட்டீக்' ஞாபகம் இருக்கும். தாங்கக்கூடிய லோடுதான் கொடுக்குறோம். ஆனா அதையே லட்சம் தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தா இரும்பும் விரிசல் விடும். 100 பேர் என்பது ஒரு தடவைக்கான லோடு. எத்தனை தடவை என்பதுதான் என் கேள்வி.

சில இடங்களில் ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்ற வரம்பு உண்டு. ஆனால் ஒரு சீசனில் மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்பதற்கு வரம்பே இல்லை. கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களையும் சேர்த்தால், 2022-23 சீசனில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பாலானவர்கள் போவது தீபகற்பப் பகுதிக்குத்தான்.

போய்ப் பார்த்தவங்கதான் அதைக் காப்பாத்தப் பேசுவாங்கன்னு சிலர் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா நம்ம காலடியில் நசுங்கும் பாசி மறுபடி வளரப் பல வருஷம் ஆகும். அதுக்கு நம்ம நல்ல எண்ணம் தெரியாது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமும் இல்லை. அண்டார்டிக் ஒப்பந்தத்தில் 1983 முதல் இந்தியாவுக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கு. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் சுற்றுலா விதிகள் பற்றிப் பேசினார்கள். அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும். மொத்த எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேணும்னு இந்தியா அழுத்திச் சொல்லணும். நாளைக்கு நல்ல சம்பளம் வாங்கி அந்தப் படகுல ஏறப்போறது நம்மில் சிலரா இருந்தாலும் சரி!